லத்தீனோ குடும்பங்களுக்கு வாலண்டியர் பண்ணணுமா? பே ஏரியா தமிழ் ஆளுங்களுக்கு ஒரு கைடு

சான்டா கிளாரா கவுண்டில கிட்டத்தட்ட நாலு பேர்ல ஒருத்தர் லத்தீனோ, அதாவது மெக்சிகோ, குவாத்தமாலா மாதிரி லத்தீன் அமெரிக்க நாட்டுப் பூர்வீகம் உள்ளவங்க. ஆனா நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு ஈஸ்ட் சான் ஹோசேன்னா கிங் ரோடு ஸ்டோரி ரோடு பக்கம் டாக்கோ சாப்பிடப் போற இடம், அதோட சரி. வாட்ஸ்அப் குரூப்ல அப்பப்போ யாராவது "வாலண்டியர் பண்ணலாம்னு இருக்கேன், எங்க போறது"னு கேப்பாங்க, உடனே பத்து பேர் ஃபுட் பேங்க் லிங்க் போடுவாங்க, தேங்க்ஸ்கிவிங் வாரத்துல ஒரு குரூப் போட்டோ வரும், அப்புறம் அடுத்த நவம்பர் வரைக்கும் பேச்சே இருக்காது. அதுக்கு மேல உருப்படியா ஏதாவது பண்ணணும்னு நினைக்கறவங்களுக்குத்தான் இது. நான் சொல்றது பே ஏரியா கணக்கு, வேற ஊர்ல இருந்தாலும் முக்காவாசி பொருந்தும்.

முதல்ல ஒண்ணு, நீங்களா புதுசா எதுவும் ஆரம்பிக்காதீங்க. நமக்கு ஒரு வியாதி உண்டு, எங்க போனாலும் எக்செல் ஷீட் போட்டு, லோகோ பண்ணி, ஒரு ஆப் பண்ணித் தரேன்னு கிளம்பிடுவோம். ஈஸ்ட் சான் ஹோசேல மேஃபேர்னு ஒரு ஏரியா, 1952ல மக்களைத் திரட்டற வேலை பாத்த ஃப்ரெட் ராஸ் அங்க வந்து கம்யூனிட்டி சர்வீஸ் ஆர்கனைசேஷனுக்கு ஆள் சேர்த்தப்போ அங்க குடியிருந்த சீசர் சாவேஸ் (பின்னாடி பெரிய விவசாயத் தொழிலாளர் தலைவர் ஆனவர்) அதுல சேர்ந்தார், அப்பவே வீடு வீடாப் போய் வோட்டர் ரெஜிஸ்ட்ரேஷன், சிட்டிசன்ஷிப் கிளாஸ்னு எல்லாம் பண்ணிட்டாங்க. அதாவது அந்த மக்களுக்கு என்ன வேணும்னு அந்த மக்களுக்கே ரொம்ப நாளா தெரியும், வழியும் அவங்களே போட்டு வச்சிருக்காங்க, நம்மகிட்ட அவங்க எதிர்பாக்கறது வாராவாரம் சொன்ன நேரத்துக்கு வர்ற ரெண்டு கை, அவ்வளவுதான். ஐடியா இருந்தா ஒரு வருஷம் கழிச்சு சொல்லுங்க.

எங்க போறதுன்னா, மேஃபேர்லயே சோமோஸ் மேஃபேர் இருக்கு, சின்னக் குழந்தைங்க இருக்கற குடும்பங்களோட வேலை பாக்கறாங்க. ஃபர்ஸ்ட் ஸ்ட்ரீட்ல சேக்ரட் ஹார்ட் கம்யூனிட்டி சர்வீஸ், சாப்பாட்டு சாமான், துணிமணினு ஒரே கட்டடத்துல நிறைய நடக்கும். சாப்பாட்டுக்கு செகண்ட் ஹார்வெஸ்ட் ஆஃப் சிலிக்கான் வேலி, இமிக்ரேஷன் பேப்பர் வேலைக்கு சைரன் (SIREN), கேத்தலிக் சேரிட்டீஸ்னு அமைப்புகள். பெரியவங்களுக்கு படிக்க எழுதச் சொல்லித் தரணும்னா சான் ஹோசே பப்ளிக் லைப்ரரில பார்ட்னர்ஸ் இன் ரீடிங்னு ஒரு ப்ரோக்ராம். வேற ஊர்ல இருக்கறவங்க, சியாட்டில்னா எல் சென்ட்ரோ டெ லா ராசா, காசா லத்தீனா, ஹூஸ்டன்னா பேக்கர் ரிப்ளி, வாஷிங்டன் டிசி பக்கம்னா மேரிஸ் சென்டர். எதுவுமே தெரியலன்னா 211க்கு போன் போட்டா உங்க ஊர்ல என்ன இருக்குனு சொல்வாங்க.

எல்லாரும் கேக்கற கேள்வி, எச்1பி (வேலை விசா), எச்4 (அவங்க குடும்பத்துக்கான விசா) இதுல இருந்துக்கிட்டு வாலண்டியர் பண்ணலாமா? பண்ணலாம், ஆனா அது உண்மையிலேயே வாலண்டியர் வேலையா இருக்கணும், அதாவது லாப நோக்கம் இல்லாத அமைப்பு, எல்லாரும் சம்பளம் இல்லாம பண்ற வேலை, நீங்களும் காசோ காசுக்கு ஈடா எதுவுமோ வாங்கக் கூடாது. சாதாரணமா சம்பளத்துக்கு ஆள் வைக்கற வேலைய (அவங்க வெப்சைட்ட முழுநேரமா மெயின்டெய்ன் பண்றது மாதிரி) நீங்க ஓசில பண்ணித் தர்றேன்னு போனா அங்கதான் சிக்கல். பெட்டி தூக்கறது, பாடம் சொல்லித் தர்றது இதெல்லாம் பிரச்சனையே இல்ல, சந்தேகம் இருந்தா உங்க ஆபீஸ் இமிக்ரேஷன் வக்கீலுக்கு ஒரு மெயில் போட்டுக்கோங்க.

சாப்பாட்டு வேலை பத்தி ரொம்ப சொல்ல ஒண்ணுமில்ல, ஈசியா ஆரம்பிக்கலாம், ஸ்பானிஷ் தெரிய வேண்டியதில்ல. காரோட டிக்கியத் திறப்பாங்க, பெட்டிய வச்சிட்டு மூடணும். ஒரே கார்ல நாலு குடும்பத்துக்கு வாங்கிட்டுப் போவாங்க, கார் இல்லாத பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து, அதப் பாத்து "இவருக்கு எதுக்கு இவ்வளவு"னு முகம் சுளிக்காதீங்க. பொதுவா பேர், ஜிப் கோடு, வீட்டுல எத்தனை பேர், இதுக்கு மேல கேக்க மாட்டாங்க, நீங்களும் கேக்காதீங்க. தமிழ் குரூப்ல சாமான் சேர்த்துக் குடுக்கறதா இருந்தா பாஸ்தாவும் டின் சூப்புமா வாங்கிக் குவிக்காம மாசா மாவு (டார்ட்டியா தட்டற சோள மாவு), காஞ்ச பின்டோ பீன்ஸ், அரிசி, எண்ணெய், டயப்பர்னு வாங்குங்க. புளி கூட அவங்க வீட்டுல உண்டு, கரைச்சு சக்கரை போட்டு ஜூஸாக் குடிப்பாங்க, மிளகாப்பொடி தூவின புளி மிட்டாய் கூட விப்பாங்க, அதப் பத்தி பேச ஆரம்பிச்சா லைன்ல நேரம் போறதே தெரியாது.

எனக்குப் புடிச்ச வேலை சிட்டிசன்ஷிப் கிளாஸ். (நமக்கே கிரீன் கார்டு எந்த ஜென்மத்துல வரும்னு தெரியல, இதுல அடுத்தவங்களுக்கு சிட்டிசன்ஷிப் சொல்லித் தர்றோம், அது வேற கதை.) 2025 அக்டோபர் 20லருந்து அப்ளை பண்ணினவங்களுக்கு சிவிக்ஸ் டெஸ்ட் (அமெரிக்க வரலாறு, அரசாங்கம் பத்தின கேள்விங்க) மாறிடுச்சு, மொத்தம் 128 கேள்வி, அதுல 20 வரைக்கும் கேப்பாங்க, 12 சரியாச் சொல்லணும். அதுக்கு முன்னாடி அப்ளை பண்ணினவங்களுக்கு பழைய 100 கேள்வி, 10 கேட்டு 6 சரியா இருந்தா பாஸ். அதனால யாருக்கு எந்த டெஸ்ட்னு முதல்ல அப்ளிகேஷன் தேதியப் பாத்துக்கோங்க, பழைய புக்க வச்சு புது டெஸ்ட்டுக்கு ட்ரெயின் பண்ணாதீங்க. கிரீன் கார்டு வாங்கி 20 வருஷம் ஆன 50 வயசுக்காரங்க, 15 வருஷம் ஆன 55 வயசுக்காரங்க இங்கிலீஷ் டெஸ்ட் இல்லாம அவங்க மொழிலயே சிவிக்ஸ் பதில் சொல்லலாம், 65 வயசும் 20 வருஷமும் ஆச்சுன்னா படிக்க வேண்டியது வெறும் 20 கேள்வி. இது தெரியாமலே பயந்துட்டு வருஷக்கணக்கா அப்ளை பண்ணாம இருக்கற பாட்டி தாத்தாக்கள் நிறைய.

பிராக்டிஸ் எப்படி நடக்கும்னா, நீங்க ஆபீசர் மாதிரி டேபிளுக்கு அந்தப் பக்கம் உக்காரணும், அவங்க நின்னு கைய தூக்கி சத்தியப் பிரமாணம் சொல்லணும், அப்புறம் உக்காந்து அட்ரஸ், வேலை, பிள்ளைங்க பேர்னு அவங்க என்-400 பாரத்துல (சிட்டிசன்ஷிப் அப்ளிகேஷன்) எழுதினதையே கேப்பீங்க. ஜார்ஜ் வாஷிங்டன் யாருனு கேட்டா டக்குனு சொல்லிடுவாங்க, திணறல் எல்லாம் பாரத்தோட கடைசில வர்ற ஆமா இல்ல கேள்விங்கள்லதான். அரசாங்கத்த பலாத்காரமா கவிழ்க்க முயற்சி பண்ணிருக்கீங்களானு கேட்டா, ஹோட்டல் கிச்சன்ல ஷிஃப்ட் முடிச்சு ஓடி வந்த அம்மா தலைய நல்லா ஆட்டி சிரிச்சுட்டே "யெஸ், யெஸ்"ம்பாங்க. சட்டப்படி தேவைப்பட்டா நாட்டுக்காக ஆயுதம் ஏந்துவீங்களானு கேட்டா பயந்து போய் "நோ"ம்பாங்க. ரெண்டுமே தப்பான பதில், ரெண்டுமே நிஜ இன்டர்வியூல ஆபத்து. அதனால 128 கேள்விய மனப்பாடம் பண்ண வைக்கறத விட இந்தக் கேள்விங்கள வேற வேற வார்த்தைல மாத்தி மாத்திக் கேளுங்க, புரியலன்னா "ப்ளீஸ் ரிப்பீட்"னு கேக்கறது தப்பில்லன்னு திரும்பத் திரும்பச் சொல்லுங்க. ஆனா அப்ளிகேஷன்ல என்ன எழுதறது, பழைய அரெஸ்ட் ஒண்ணு இருக்கு என்ன பண்றதுனு கேட்டா வாயே திறக்காதீங்க. அது வக்கீல் வேலை, இல்லன்னா ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட் அங்கீகாரம் குடுத்த பிரதிநிதி வேலை. வக்கீலே இல்லாத ஆளுங்க ஆயிரக்கணக்குல டாலர் வாங்கிட்டு தப்பான பாரத்த போட்டு ஒரு குடும்பத்தையே டிபோர்ட் கேஸ்ல மாட்டி விடறது இந்த சமூகத்துல பழைய கொடுமை, நம்ம நல்ல மனசோட சொல்ற தப்பான அட்வைஸும் அதே வேலையத்தான் செய்யும்.

டாக்ஸ் சீசன்ல இன்னொரு வேலை இருக்கு, நம்ம ஐடி ஆளுங்களுக்கு அப்படியே பொருந்தும். வருமான வரித்துறையான ஐஆர்எஸ்ஸோட வீட்டா (VITA) ப்ரோக்ராம், வருமானம் கம்மியா இருக்கறவங்களுக்கு ஃப்ரீயா ரிட்டர்ன் போட்டுத் தர்றது, ஜனவரி கடைசிலருந்து ஏப்ரல் 15 வரைக்கும். ஆன்லைன் ட்ரெயினிங் எடுத்து நடத்தை விதி டெஸ்ட்டும் டாக்ஸ் டெஸ்ட்டும் பாஸ் பண்ணணும், கணக்கு பயமா இருந்தா வாசல்ல உக்காந்து பேப்பர் சரிபாக்கற வேலைக்கு நடத்தை விதி டெஸ்ட் மட்டும் போதும். நீங்க போட்ட ரிட்டர்ன இன்னொருத்தர் பாத்து ஓகே பண்ணினாத்தான் போகும், அதனால கை நடுங்க வேண்டாம். லத்தீனோ குடும்பங்கள்ல அடிக்கடி வர்றது, அப்பாவுக்கு சோஷியல் செக்யூரிட்டி நம்பர் இல்ல, 9ல ஆரம்பிக்கற ஐடிஐஎன்தான் (சோஷியல் கிடைக்காதவங்களுக்கு ஐஆர்எஸ் குடுக்கற வரி நம்பர்), குழந்தைங்க இங்க பொறந்ததால அவங்களுக்கு சோஷியல் உண்டு. அந்த ஐடிஐஎன் மூணு வருஷம் தொடர்ந்து ரிட்டர்ன்ல வரலன்னா காலாவதி ஆயிடும், புதுப்பிக்க டபிள்யூ-7 பாரம். அதுக்காக ஒரிஜினல் பாஸ்போர்ட்ட தபால்ல அனுப்பப் பயப்படுவாங்க, நியாயம்தான், ஐஆர்எஸ் அங்கீகரிச்ச ஏஜென்ட் நேர்ல பாத்து சரிபாத்துக் குடுத்தா அனுப்ப வேண்டியதில்ல, அந்த ஏஜென்ட் எந்த சைட்ல எந்த நாள் இருப்பாங்கனு நீங்க தெரிஞ்சு வச்சிருந்தா அதுவே பெரிய உதவி. கம்மி வருமானத்துல வேலை பாக்கறவங்களுக்கு டாக்ஸ்ல வர்ற ஃபெடரல் எர்ன்ட் இன்கம் கிரெடிட் ஐடிஐஎன்காரங்களுக்கு கிடையாது, ஆனா அதே மாதிரி கலிஃபோர்னியாவோட கால் இஐடிசி (CalEITC) 2020லருந்து அவங்களுக்கும் உண்டு, ஆறு வயசுக்குள்ள குழந்தை இருந்தா அது மேலயும் வரும். இத விட்டுட்டுப் போறவங்கதான் அதிகமா கண்ணுல படறாங்க.

இப்ப ஒரு சங்கடம் என்னன்னா, 2025 ஏப்ரல்ல ஐஆர்எஸ்ஸும் ஐஸும் (ICE, டிபோர்ட் பண்ற இமிக்ரேஷன் அமலாக்கத் துறை) தகவல் பகிர்ந்துக்க ஒப்பந்தம் போட்டுச்சு, அது கோர்ட்டுக்கும் போச்சு. அதனால "ரிட்டர்ன் போடட்டுமா வேண்டாமா"னு உங்களையே கேப்பாங்க. போடுங்கனும் சொல்லாதீங்க, வேண்டாம்னும் சொல்லாதீங்க, சைட்ல இருக்கற லீகல் எய்டு நம்பரக் குடுங்க. அதே 2025 ஜனவரில ஸ்கூல், சர்ச், ஆஸ்பத்திரி பக்கம் ஐஸ் போகாம தவிர்க்கணும்ன்ற பழைய வழிகாட்டுதலையும் எடுத்துட்டாங்க, அதுக்கப்புறம் கிளாஸுக்கு வர்றதே சில பேருக்கு பயம். இந்த நிலைமைல செல்ஃபி எடுத்து லிங்க்ட்இன்ல இடத்தோட பேரப் போட்டு "கம்யூனிட்டிக்கு திருப்பிக் குடுக்கறோம்"னு போஸ்ட் போடறதெல்லாம் வேண்டவே வேண்டாம், உங்களுக்கு பத்து லைக், அவங்களுக்கு ஒரு ராத்திரி தூக்கம் போச்சு. யாருகிட்டயும் விசா ஸ்டேட்டஸ் கேக்காதீங்க, எப்ப வந்தீங்க எப்படி வந்தீங்கனு நம்ம ஊர்ப் பாணில விசாரிக்கவும் வேண்டாம். ஐஸ் வந்தா ஓடிப்போய் வீடியோ எடுக்கற ரேபிட் ரெஸ்பான்ஸ் டீம்கள் இருக்கு, அது முக்கியமான வேலைதான், ஆனா என் கருத்து, விசால இருக்கறவங்க அத சிட்டிசன்களுக்கு விட்டுட்டு டேபிள் வேலையப் பாருங்க.

பழகற முறை பத்தி. ஸ்பானிஷ்ல நீங்கனு சொல்ல உஸ்தெத், நீக்கு தூ, பெரியவங்ககிட்ட எப்பவும் உஸ்தெத் போட்டே பேசுங்க, செஞோரா, தோன், தோஞானு மரியாதையா கூப்பிடுங்க, அந்த த, ஞ எல்லாம் நம்ம வாய்க்கு அமெரிக்கக்காரங்கள விட நல்லாவே வரும். "குவாந்தாஸ் பெர்சோனாஸ் ஐ என் சு காசா", வீட்டுல எத்தனை பேர், இத ஒண்ண கத்துக்கிட்டாலே லைன் நகரும். பேர் தேடறப்போ கவனம், நிறைய பேருக்கு ரெண்டு குடும்பப் பேர், முதல்ல அப்பா வழி, அப்புறம் அம்மா வழி. கார்சியா லோப்பஸ்னா கார்சியால தேடுங்க, லோப்பஸ்ல தேடி "உங்க பேர் இல்லையே"ன்னு திருப்பி அனுப்பிடாதீங்க. லாஸ்ட் நேம் கட்டத்துல அப்பா பேர எழுதி, ஆபீஸ்ல எல்லாரும் நம்மள அப்பா பேரச் சொல்லிக் கூப்பிட்டு அவஸ்தைப்படற நமக்கு இது சொல்லியா தெரியணும். இன்னொண்ணு, லத்தீனோன்னாலே ஸ்பானிஷ்னு முடிவு பண்ணாதீங்க. குவாத்தமாலாலருந்து வந்தவங்க மாம், கிச்சே பேசலாம், ஒஹாகாலருந்து வந்தவங்க மிஸ்தெக், சபோதெக் பேசலாம், ஸ்பானிஷ் அவங்களுக்கு ரெண்டாவது மொழி, சில பேருக்கு சுத்தமா வராது, தலைய மட்டும் ஆட்டுவாங்க. இந்தியான்னதும் நம்மகிட்ட ஹிந்தில ஆரம்பிப்பாங்களே, அந்தக் கடுப்பு ஞாபகம் இருக்கில்ல. மொழி வேணும்னா கோஆர்டினேட்டர்கிட்ட சொல்லி போன்ல இன்டர்ப்ரெட்டர் போடச் சொல்லுங்க, கூட வந்த எட்டு வயசுப் பொண்ண மொழிபெயர்க்க வைக்காதீங்க, அம்மாவோட கடன் கணக்கும் உடம்பு விஷயமும் அதுக்கு எதுக்கு.

ஸ்கூல்ல டியூஷன் மாதிரி பண்றதா இருந்தா கைரேகை எடுக்கற லைவ் ஸ்கேன், டிபி டெஸ்ட் கேப்பாங்க, அதுக்கே ரெண்டு மூணு வாரம் ஓடிடும், ஆகஸ்ட் ஆரம்பத்துலயே பாரம் குடுத்துடுங்க. எந்தக் குழந்தையா இருந்தாலும் பேப்பர் இருக்கோ இல்லையோ பப்ளிக் ஸ்கூல்ல சேர உரிமை உண்டு, 1982லயே சுப்ரீம் கோர்ட் டெக்சஸ் கேஸ் ஒண்ணுல சொல்லியாச்சு, யாராவது பெத்தவங்க தயங்கினா இத மட்டும் தைரியமா சொல்லலாம்.

டைம் பத்திச் சொல்றேன், நவம்பர் டிசம்பர்ல போகாதீங்க, அப்ப எல்லா எடத்துலயும் ஆளுங்க நெரியும், கோஆர்டினேட்டருக்கு நம்மள மேய்க்கறதே வேலையா போகும். காத்து வாங்கறது பிப்ரவரி, ஜூலை. மாசத்துக்கு ஒரு நாள் எட்டு மணி நேரத்த விட வாரத்துக்கு ரெண்டு மணி நேரம், அதே நாள், அதே டேபிள், அதுதான் அவங்களுக்கு வசதி, வர முடியலன்னா முந்தின நாளே மெசேஜ் போட்டுடுங்க. ஆபீஸ்ல வாலண்டியர் நேரத்துக்கு கம்பெனி அந்த அமைப்புக்கு காசு குடுக்கற திட்டம் இருந்தா பெனிவிட்டி மாதிரி போர்ட்டல்ல மறக்காம மணிக்கணக்க போடுங்க, நிறைய பேர் சோம்பேறித்தனத்துல விட்டுடறோம். ஹைஸ்கூல் பிள்ளைங்களுக்கு சர்வீஸ் அவர்ஸ் வேணும்னு கூட்டிட்டுப் போறதா இருந்தா வயசு லிமிட் ஒவ்வொரு இடத்துக்கும் வேற, முன்னாடியே கேட்டுக்கோங்க, கிடங்கு வேலைக்கு மூடின ஷூ கட்டாயம், செருப்போட வந்தா வாசல்லயே நிறுத்திடுவாங்க.