சி.ஆர்.பி. இறங்கிவிட்டது, ஐயாவுக்கு இன்னும் மூச்சு வாங்குகிறது

போன கிழமை காலை ரவுண்ட்ஸில் ஒரு இன்டர்ன் பிள்ளை முகமெல்லாம் சிரிப்பாக வந்து, "சேர், ஏழாம் கட்டில் ஐயாவுக்கு சி.ஆர்.பி. பாதியாக இறங்கிட்டுது" என்றார். உடலில் அழற்சி இருந்தால் இரத்தத்தில் ஏறுகிற ஒரு புரதம் அது. நான் கட்டிலைப் பார்த்தேன். ஐயா இரண்டு கையையும் மெத்தையில் ஊன்றிக்கொண்டு, கழுத்துத் தசை இழுபட இழுபட மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அந்தப் பிள்ளையில் இல்லை. 2021இல் இதே சிரிப்போடு இதே வசனத்தைச் சொன்னவன் நான்தான்.

திருகோணமலையில் மாரி தொடங்கிவிட்டது. தடிமன், இன்ஃபுளுவென்சா, கொவிட், டெங்கு எல்லாம் ஒரே வாட்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுக்கும் காலம். அதனால், இந்த நோயாளிகளின் இரத்த ரிப்போர்ட்டுகளில் நாங்கள் விடுகிற பிழைகளை எழுதிவைக்கிறேன். எந்த நிற மூடி ட்யூபில் எதை எடுப்பது என்பதையெல்லாம் மிஸ்ஸிமார் சொல்லித் தருவார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

அலகைப் படிக்காமல் எண்ணைப் படிப்பது

கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு அம்மா, வெளியே தனியார் லாப்பில் எடுத்த ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுவந்திருந்தார். சி.ஆர்.பி. 9.6. "கொஞ்சம்தான் கூட, பயமில்லை" என்று ஓபிடியில் சொல்லியாகிவிட்டது. அது டெசிலீற்றருக்கு மில்லிகிராம் கணக்கு. நாங்கள் வழக்கமாகப் பார்ப்பது லீற்றருக்கு மில்லிகிராம், அதில் அது 96. ஒரு சின்ன எழுத்து, பத்து மடங்கு வித்தியாசம். உறைந்த இரத்தம் கரையும்போது ஏறுகிற டி-டைமரிலும் இதே கூத்து உண்டு. அலகு எஃப்.இ.யு. என்று போட்டிருந்தால் ஒரு கணக்கு, டி.டி.யு. என்று போட்டிருந்தால் ஏறத்தாழ அதில் பாதி. யூரியாவும் அப்படித்தான், மில்லிமோலா மில்லிகிராமா என்று பார்க்காமல், நோய் எவ்வளவு கடுமை என்று கணக்கிடும் ஸ்கோர் போடாதீர்கள்.

எத்தனையாம் நாள் என்று கேட்காமல் இருப்பது

அழற்சி தொடங்கி ஆறெட்டு மணித்தியாலம் போன பிறகுதான் சி.ஆர்.பி. ஏறவே தொடங்கும், உச்சத்துக்குப் போக இரண்டு நாள் அளவில் எடுக்கும். அதோடு கொவிட்டில் நுரையீரல் மோசமாவது பெரும்பாலும் இரண்டாம் கிழமையை ஒட்டித்தான். இரண்டாம் நாள் எடுத்த 8 என்ற சி.ஆர்.பி.யை ஒன்பதாம் நாள் இளைப்போடு வந்தவரிடம் காட்டி "உங்களுக்கு இரத்தம் நோர்மல்தானே" என்று சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும். வேறு யார், நான்தான். இப்போது லாப்புக்கு அனுப்பும் துண்டின் மூலையில் காய்ச்சல் நாளைச் சிவப்புப் பேனாவால் எழுதுகிறேன். லாப்புக்கு அது தேவையில்லை, ரிப்போர்ட் திரும்பி வரும்போது எனக்குத் தேவை.

ஸ்டீரொயிட் கொடுத்த பிறகு சி.ஆர்.பி.யை நம்புவது

இதுதான் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது.

2021 ஓகஸ்ட். வாட்டில் இடமில்லை, நடைபாதையில் மெத்தை. ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர், காய்ச்சலின் எட்டாம் நாள், சி.ஆர்.பி. 142, ஒட்சிசன் நான்கு லீற்றர். டெக்சாமெதசோன் என்கிற ஸ்டீரொயிட்டைத் தொடங்கினோம். மூன்றாம் நாள் சி.ஆர்.பி. 61, ஐந்தாம் நாள் 24. நான் அவருடைய மகனுக்குப் போன் எடுத்து "அப்பா தேறி வாறார்" என்று சொல்லிவிட்டேன். கட்டில் காலடியில் தொங்கிய சார்ட்டில் வேறு கதை ஓடிக்கொண்டிருந்தது: ஒட்சிசன் நான்கிலிருந்து ஆறு, ஆறிலிருந்து பத்து, மூச்சு எண்ணிக்கை 24இலிருந்து 32. இரவு வேலை பார்த்த மிஸ்ஸி வீட்டுக்குப் போகும் முன் என்னிடம் வந்து, "சேர், இவர் ராத்திரி முழுக்க ஒரு வசனம் முழுசாக் கதைக்க ஏலாமல் இருந்தவர்" என்றார். "சி.ஆர்.பி. நல்லா இறங்கியிருக்கு மிஸ்ஸி" என்று நான் பதில் சொன்னேன். அந்தப் பதிலை நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது.

அன்று காலை ஐ.சி.யூ.வில் ஒரு கட்டில் இருந்தது. பின்னேரம் நான் கேட்கும்போது இல்லை. அடுத்த நாள்தான் கிடைத்தது.

நடந்தது என்னவென்றால், சி.ஆர்.பி. நுரையீரலில் உண்டாகிற ஒன்று இல்லை. இன்டர்லூக்கின்-6 என்கிற சமிக்ஞை வந்து தட்டும்போது ஈரல் அதைச் செய்து இரத்தத்தில் விடுகிறது. டெக்சாமெதசோன் அந்தச் சமிக்ஞையை அடக்கிவிடும். புதிதாகச் செய்வது நின்றால், ஏற்கெனவே இரத்தத்தில் உள்ளது கிட்டத்தட்ட 19 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பாதியாகிக்கொண்டே போகும். ஆகவே 142 என்பது சில நாளில் 24 ஆனது மருந்து உள்ளே போயிருக்கிறது என்பதற்குச் சான்று, அவ்வளவுதான். வீங்கிப்போன காற்றறைச் சுவரும் உள்ளே ஊறிய நீரும் சிறு குழாய்களில் உறைந்த இரத்தமும் 19 மணித்தியாலக் கணக்கில் சரியாவதில்லை, அதற்குக் கிழமைக் கணக்கு வேண்டும்.

இன்னொரு வேடிக்கை. வெள்ளையணுவில் நியூட்ரோபில், லிம்போசைட் என்று வகைகள் உண்டு. அதே ஸ்டீரொயிட் நியூட்ரோபிலை ஏற்றி லிம்போசைட்டை இறக்கும். அப்போது நியூட்ரோபில்-லிம்போசைட் விகிதம் கூடி, ஆள் மோசமாகிறார் என்று சொல்லும். ஒரே குளிசை, ஒரு ரிப்போர்ட்டில் நல்ல செய்தி, இன்னொன்றில் கெட்ட செய்தி, இரண்டும் அந்தக் குளிசையின் கைவேலை. டோசிலிசுமாப் என்கிற மருந்து கொடுத்த ஆளில் இது இன்னும் மோசம். அது இன்டர்லூக்கின்-6 வந்து பிடிக்கும் இடத்தையே மூடிவிடுவதால், புதிதாக பக்டீரியா தொற்று வந்து சேர்ந்தாலும் சி.ஆர்.பி. பேசாமல் கிடக்கலாம், காய்ச்சலும் காட்டாமல் விடலாம்.

அப்போ எதைப் பார்ப்பது? மூச்சை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள், பதினைந்து செக்கனை நான்கால் பெருக்காதீர்கள். ஒட்சிசன் அளவைச் சொல்லும்போது எத்தனை லீற்றரில் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள், நான்கு லீற்றரில் 94உம் பத்து லீற்றரில் 94உம் ஒரே 94 இல்லை. கொவிட்டுக்காக 2020இல் பிரித்தானியாவில் செய்த, உயிராபத்தைக் கணிக்கும் 4சி ஸ்கோரை எடுத்துப் பாருங்கள். வயது, பால், வேறு நோய்கள், மூச்சு எண்ணிக்கை, ஒட்சிசன், நினைவு நிலை, யூரியா, சி.ஆர்.பி. என்று எட்டு விசயம். அதில் இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டியது இரண்டே இரண்டு. அதுவும் ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்போது போடுகிற ஸ்கோர், ஐந்தாம் நாள் மனதைத் தேற்றிக்கொள்ள இல்லை.

ஸ்டீரொயிட்டில் இருக்கிறவரில் இறங்கிய சி.ஆர்.பி. திரும்ப ஏறினால், அதை மட்டும் கவனமாகப் பாருங்கள். இரண்டாவதாக ஒரு தொற்று வந்து ஏறியிருக்கலாம்.

அந்த மனிதர் பிழைத்தார். ஆறு மாதம் கழித்து கிளினிக்குக்கு வந்தபோது, கோணேசர் கோயில் ஏற்றத்தில் இரண்டு இடத்தில் நின்றுதான் ஏறுகிறேன் என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

சி.ஆர்.பி. கூட என்பதற்காக ஸ்டீரொயிட் தொடங்குவது

வேண்டாம். கொவிட் மருந்துகளைச் சோதித்த ரிகவரி ஆய்வில் ஒரு நாளைக்கு 6 மில்லிகிராம் டெக்சாமெதசோன் உயிரைக் காத்தது ஒட்சிசனோ வென்டிலேட்டரோ தேவைப்பட்டவர்களில்தான், தேவைப்படாதவர்களில் பயன் தெரியவில்லை. அதுவும் கொவிட்டுக்குக் கண்டது, இன்ஃபுளுவென்சாக்காரருக்கு அப்படியே தூக்கிக் கொடுக்காதீர்கள்.

உடைந்த இரத்தத்தில் எல்.டி.எச். பார்ப்பது

குச்சவெளிப் பக்கமிருந்து திரீவீலில் குலுங்கிக் குலுங்கி, ஐஸ்கட்டியோடு நேராக ஒட்டிக்கொண்டு வந்த ட்யூப் ஒன்று. அணுக்கள் சேதமானால் இரத்தத்தில் ஏறுகிற எல்.டி.எச். என்ற நொதி ஆயிரத்துக்கு மேல். நுரையீரல் போய்விட்டது என்று எல்லாரும் பதறினோம். பொட்டாசியமும் ஏறியிருந்தது, சீரம் தேயிலைச் சாயம்போல் சிவந்திருந்தது. சிவப்பணுவுக்குள் எல்.டி.எச். நிறைய உண்டு, அணு உடைந்தால் அது வெளியே கொட்டும். கனூலாவிலிருந்து இழுத்து எடுத்தாலும், சிரிஞ்சால் அழுத்தி ட்யூபுக்குள் பீச்சினாலும் இதே கதைதான். திரும்ப எடுத்தோம், நானூறுக்குக் கீழே.

லிம்போசைட் வீதத்தை மட்டும் பார்ப்பது

மொத்த வெள்ளையணு 12,000இல் லிம்போசைட் 10 வீதம் என்றால் 1,200. மொத்தம் 3,500இல் 25 வீதம் என்றால் 875. வீதத்தைப் பார்த்தால் இரண்டாமவர் நல்லாயிருக்கிறார். பெருக்கிப் பாருங்கள்.

ஃபெரிட்டின்

இரும்பைச் சேமிக்கும் புரதம், அழற்சியில் ஏறும். டெங்குவிலும் ஏறும். இந்த ஊரில், இந்த மாதத்தில், அதை மறந்துவிட்டுப் பேசாதீர்கள்.

எல்லாருக்கும் டி-டைமர்

வயதுக்கும் ஏறும், கர்ப்பத்துக்கும் ஏறும், ஒப்பரேசனுக்கும் ஏறும். என்ன கேள்விக்குப் பதில் தேடுகிறீர்கள் என்று துண்டில் எழுத முடியாவிட்டால் அனுப்பாதீர்கள்.

தினமும் எல்லாவற்றையும் அனுப்புவது

ஏழாம் கட்டில் ஐயாவின் இரண்டு கையும் நீலம் பாரித்துப் போயிருக்கிறது. நாளைக்கு அவரைக் குத்த வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன், மூச்சை எண்ணினால் போதும்.