ஆங்கிலக் கிராமத் தெருவின் வரலாற்றை வீடு வீடாக எழுதுவது எப்படி?

இங்கிலாந்தின் பழைய கிராமத் தெருக்களில் வீடுகளுக்குப் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. பெயர்தான் இருக்கும், அதுவும் ஆள் மாறினால் மாறிவிடும். அதனால் ஆதிகாலத்திலிருந்து தொடங்காதீர்கள். இன்றைய தெருவில் தொடங்கிப் பின்னோக்கி நடங்கள்.

முதலில் வரைபடம். பிரிட்டன் அரசின் நில அளவை அமைப்பான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 25 அங்குல வரைபடங்கள் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு மைல் நிலம் 25 அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக வருவதால், தாளில் ஒரு சதுர அங்குலம் ஏறக்குறைய ஒரு ஏக்கர். தெரு வரும் பகுதியை அச்செடுத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் அ, ஆ, இ என்று நீங்களே பென்சிலில் பெயரிடுங்கள். கடைசிவரை இந்தக் குறிதான் அந்த வீட்டின் முகவரி.

அடுத்தது சென்சஸ். 1841 முதல் 1921 வரை பத்தாண்டுக்கு ஒன்று பார்க்கலாம். 1931 ஏடுகள் 1942-இல் தீயில் எரிந்துபோயின. 1941-இல் போரால் கணக்கெடுப்பே நடக்கவில்லை. இடையில் கைகொடுப்பது 1939 செப்டம்பர் 29 அன்று எடுத்த தேசியப் பதிவேடு. பின்னாளில் திருமணமான பெண்களின் புதுக் குடும்பப்பெயரையும் அதில் மேலேயே எழுதிவைத்திருப்பார்கள். ஆளைத் தொடர அது பெரிய உதவி.

பலரும் சறுக்குவது சென்சஸில்தான். இடது ஓரத்தில் இருக்கும் வரிசை எண்ணைக் கதவு எண் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது கணக்கெடுப்பாளர் தந்த படிவத்தின் எண். அடுத்த சென்சஸில் அதே வீட்டுக்கு வேறு எண் வரும். சரியான வழி, அசையாத ஒரு கட்டடத்தைப் பிடிப்பது. பப், பாதிரியார் இல்லம், கொல்லன் பட்டறை இவற்றில் ஒன்று எந்த வரியில் வருகிறது என்று பார்த்து, அங்கிருந்து இருபுறமும் எண்ணுங்கள். ஏட்டின் முதல் பக்கத்தில் கணக்கெடுப்பாளர் நடந்த வழி எழுதியிருக்கும். தெருவின் ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் திரும்பினாரா, குறுக்கே தாவினாரா என்று அதில் தெரியும். ஆளில்லாத வீடுகளையும் குறித்திருப்பார், அவற்றை விட்டுவிட்டால் எண்ணிக்கை தவறும். 1841 ஏட்டில் ஒரு சாய்கோடு குடும்பம் முடிந்ததையும், இரட்டைச் சாய்கோடு வீடு முடிந்ததையும் காட்டும். அதில் 15 வயதுக்கு மேற்பட்டோரின் வயதைப் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் குறைத்தே எழுதினார்கள், அதை நம்பிப் பிறந்த ஆண்டைக் கணக்கிடாதீர்கள்.

1911 படிவத்தில் நிதானமாக நில்லுங்கள். குடும்பத் தலைவர் தம் கையாலேயே எழுதியது. திருமணமாகி எத்தனை ஆண்டு, பிறந்த குழந்தைகள், உயிரோடிருப்பவை, இறந்தவை என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். தெரு முழுக்க அந்தக் கடைசிக் கட்டத்தைக் கூட்டிப் பாருங்கள். அங்கே வாழ்ந்தவர்கள் தாங்கிய துயரம் அந்த ஒரு எண்ணில் இருக்கிறது.

வீட்டின் உள்ளமைப்புக்கு, 1909-10 நிதிச் சட்டத்தின்படி எடுத்த மதிப்பீட்டுக் கள ஏடுகள். இவை லண்டனின் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஐஆர் 58 என்ற வரிசையில் உள்ளன. முதலில் அதற்குரிய வரைபடத்தில் வீட்டின் எண்ணைக் கண்டுபிடித்த பிறகே ஏட்டைக் கேளுங்கள். அறைகள், கொட்டகை, பழுது எல்லாம் பெரும்பாலும் இருக்கும். இன்னும் பின்னே போக, 1836 சட்டத்தால் உருவான தசமபாக (விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் திருச்சபைக்குத் தரும் வரி) வரைபடமும் அதன் அட்டவணையும். யார் உடைமை, யார் குடியிருப்பு என்பவை தனித்தனிப் பத்திகளில் இருக்கும். இரண்டையும் குழப்பவே கூடாது.

வில்ட்ஷயரின் லேக்காக் கிராமம் இதற்கு நல்ல பாடம். ஊரின் பெரும்பகுதி டால்பட் குடும்பப் பண்ணையின் உடைமை; 1944-இல் மட்டில்டா டால்பட் அதைப் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்டிடம் ஒப்படைத்தார். இப்படிப்பட்ட ஊரில் வீட்டுக்கு வீடு விற்பனைப் பத்திரம் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். பண்ணையின் வாடகைக் கணக்குகளையும் குத்தகைச் சீட்டுகளையும் தேட வேண்டும்.

கட்டடமும் ஓர் ஆவணம். லேக்காக்கின் சர்ச் ஸ்ட்ரீட்டில் ஒரு வீட்டின் பக்கவாட்டில், தரையிலிருந்து கூரை முகடு வரை வளைந்தேறும் பெரிய மர விட்டங்கள் வெளியே தெரிகின்றன. க்ரக் என்று பெயர். ஒரே மரத்தை நெடுக்காகப் பிளந்து எதிரெதிராக நிறுத்துவது வழக்கம். எல்லா வீடும் இப்படி வெளிப்படையாக இருக்காது. பழைய மரச்சட்ட வீட்டுக்குப் பின்னாளில் செங்கல் முகப்பு மட்டும் கட்டிய இடங்கள் ஏராளம். முகப்பை வைத்து வயது சொல்லாமல், பக்கச் சந்தில் நின்று கூரைச் சரிவையும் புகைபோக்கியையும் பாருங்கள்.

ஊர் வாழ்க்கைக்கு என் முதல் தேர்வு பள்ளித் தினக்குறிப்பேடு. 1860-களிலிருந்து அரசு மானியம் பெற்ற பள்ளிகளின் தலைமையாசிரியர்கள் அதை எழுதியாக வேண்டும். அறுவடைக்குப் பிள்ளைகள் போனது, தட்டம்மை பரவியது, பனியில் பாதை அடைபட்டது எல்லாம் அதில் வரும். 1894-க்குப் பின் பாரிஷ் கவுன்சில் (ஊராட்சி மன்றம் போன்றது) கூட்டக் குறிப்புகளில் கிணறு, விளக்கு, நடைபாதை பற்றிய சச்சரவுகள் கிடைக்கும்.

கடைசியாக, பெரிதாக்கிய வரைபடத்தை ஊர்க்கூடத்தில் ஒரு மேசைமேல் விரித்து, பென்சில்களை வையுங்கள். முதியவர்கள் தாங்களே சுட்டிக்காட்டுவார்கள். யார் சொன்னது, எந்தத் தேதியில் என்று ஓரத்தில் எழுதுங்கள். உயிரோடிருப்பவர்களின் பெயரை அவர்கள் சம்மதமின்றி அச்சிடாதீர்கள். ஒரு பிரதி அந்தக் கவுண்ட்டியின் (மாவட்டம் போன்றது) ஆவணக் காப்பகத்துக்குப் போகட்டும்.