பழைய ஈம்ஸ் லவுஞ்ச் நாற்காலிக்கு என்ன விலை தகும்?

"ஈம்ஸ் நாற்காலி என்ன விலை போகும்?" என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் கிடையாது. எந்த ஆண்டு செய்தது, எந்த மரம், எதையெல்லாம் மாற்றியிருக்கிறார்கள், முதுகு ஓடு (முதுகைத் தாங்கும் வளைந்த பிளைவுட் பலகை) இன்னும் உறுதியாக நிற்கிறதா என்ற நான்குக்கும் பதில் கிடைத்த பிறகே விலையைப் பற்றிப் பேச முடியும். வரிசையை மாற்றி முதலில் இணையத்தில் விலை தேடுபவர்கள், வேறு யாருடைய நாற்காலியின் விலையையோ தங்கள் நாற்காலிக்குப் போட்டுக்கொள்கிறார்கள்.

சார்ல்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி வடிவமைத்து, மிச்சிகன் மாநிலம் ஜீலண்டைச் சேர்ந்த ஹெர்மன் மில்லர் நிறுவனம் 1956-இல் வெளியிட்ட நாற்காலி இது. நாற்காலியின் எண் 670, கால் வைக்கும் ஸ்டூலின் எண் 671. ஐரோப்பாவில் இதைச் செய்வது விட்ரா நிறுவனம். உற்பத்தி இன்றுவரை நிற்கவில்லை. அதனால் "அசல்" என்ற சொல் மட்டும் உங்களுக்கு எதையும் சொல்லாது. போன வருடம் செய்ததும் அசல்தான்.

முதலில் நகலைக் கழித்துவிடுங்கள். இதற்கு ஐந்து நிமிடம் போதும். அசல் நாற்காலிக்கு ஐந்து கால், ஸ்டூலுக்கு நான்கு. நாற்காலிக்கும் நான்கு கால் இருந்தால் அது நகல். அசல் சுழலும், ஆனால் சாய்வு நிலையானது, பின்னால் தள்ளினால் சாயாது. முதுகு ஓட்டின் வெளிப்பக்கத்தில் திருகுத் தலையோ போல்ட்டோ தெரியவே கூடாது. 1960, 70-களில் அமெரிக்காவில் பிளைகிராஃப்ட் போன்ற நிறுவனங்கள் இதே சாயலில் நிறைய நாற்காலிகள் செய்தன. அவற்றுக்கும் இப்போது வயதாகிவிட்டது, ஓரளவு விலையும் உண்டு. ஆனால் அது வேறு சந்தை.

அடுத்து ஆண்டு. டார்ச், தடித்த போர்வை, துணைக்கு இன்னொரு ஆள் தேவை. கைப்பிடியையோ தலைப்பகுதியையோ பிடித்துத் தூக்கவே கூடாது (காரணம் கீழே). இருக்கை ஓட்டையும் அலுமினியக் காலையும் பிடித்து, போர்வைமேல் மெல்லக் கவிழ்த்து, அடிப்பகுதியில் லேபிளைத் தேடுங்கள். லேபிளின் வடிவம் காலத்துக்குக் காலம் மாறியிருப்பதால் அதைத் தெளிவாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். லேபிள் உதிர்ந்திருந்தாலும் கவலை வேண்டாம், நாற்காலியே வயதைச் சொல்லும். கைப்பிடிக்கு அடியில் மூன்று திருகு இருந்தால் தொடக்க ஆண்டுகளைச் சேர்ந்தது. பிற்பாடு இரண்டாகக் குறைத்தார்கள். காலின் நுனியில் பூட்ஸ் போன்ற ரப்பர் உறை இருந்தாலும் தொடக்க காலம்தான். திருகி உயரம் மாற்றும் உலோகக் குமிழ் அதற்குப் பின் வந்தது. குஷனை அழுத்திப் பாருங்கள். மெல்ல அமுங்கி அப்படியே கிடந்தால் உள்ளே இறகு. உடனே எழும்பினால் ஃபோம். 1970-களின் தொடக்கம்வரை இறகு அடைத்த குஷன்கள் வந்தன. ஓட்டின் விளிம்பில் பிளைவுட் அடுக்குகளை எண்ணுங்கள். பழையதில் ஐந்து, பிற்காலத்து ஹெர்மன் மில்லர் நாற்காலியில் ஏழு.

ஓர் அடையாளத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். கால் குமிழை யார் வேண்டுமானாலும் மாற்றியிருக்கலாம், குஷனும் அப்படித்தான். மூன்று அடையாளங்களாவது ஒரே காலத்தைக் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் முரண்டு பிடித்தால், அநேகமாக மாற்றப்பட்ட பாகம் அதுதான்.

மரத்துக்குத் தனி மதிப்பு. சுமார் 1990 வரை வெளிவெனீர் (பிளைவுட்டின் மேல் ஒட்டும் மெல்லிய மரத்தகடு) பெரும்பாலும் பிரேசில் ரோஸ்வுட். நம் ஈட்டி மரத்துக்குப் பங்காளி, ஒரே டால்பெர்ஜியா பேரினம். செம்பழுப்பு நிறத்தில் கருங்கோடுகள் வளைந்து வளைந்து ஓடும். பின்னர் வால்நட், செர்ரி வந்தன. 2006 வாக்கில் வந்த சாண்டோஸ் பாலிசாண்டர் தோற்றத்தில் ரோஸ்வுட் மாதிரி இருந்தாலும் அது வேறு மரம். விற்பவர் "ரோஸ்வுட்" என்று எழுதியிருந்தால், எந்த ரோஸ்வுட் என்று கேளுங்கள். நாற்காலியையும் ஸ்டூலையும் பக்கத்தில் வைத்து நிறத்தையும் கோடுகளின் போக்கையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒட்டாமல் நின்றால், வேறு நாற்காலியின் ஸ்டூலைக் கொண்டுவந்து ஜோடி சேர்த்திருக்கிறார்கள். அசல் ஜோடிக்குக் கிடைக்கும் விலை அதற்குக் கிடைக்காது.

இனி விலையை உண்மையில் தீர்மானிக்கும் இடம். முதுகு ஓடு இருக்கையோடு நேரடியாகச் சேர்வதில்லை. இரண்டு கைப்பிடிகள்தான் அதைத் தாங்குகின்றன. ஓட்டுக்கும் கைப்பிடிக்கும் நடுவே கெட்டி ரப்பர் வட்டுகள் இருக்கின்றன, அவை மரத்தில் பசையால் ஒட்டப்பட்டவை. சாய்ந்து உட்காருபவரின் பாரம் முழுவதும் அந்த வட்டுகள்மேல் விழுகிறது. வருடங்கள் போகப் போக ரப்பர் காய்ந்து இறுகி வெடிக்கும், அல்லது பசை விடும். ஒரு பக்கம் விட்டதும் மறுபக்கத்துக்கு இரட்டைப் பாரம். அந்த வட்டு பிய்யும்போது பிளைவுட்டையும் பெயர்த்துக்கொண்டு போகும், ஓடு பிளந்துவிடும். வட்டை மாற்றுவது சிறு செலவு. பிளந்த ஓடு, அதுவும் பிரேசில் ரோஸ்வுட் ஓடு என்றால், பாதி விலையைத் தின்றுவிடும். அதனால் பழைய நாற்காலியில் "உட்கார்ந்து பார்க்கலாமே" என்று சாயாதீர்கள். முதலில் முதுகு ஓட்டின் மேல்விளிம்பை விரலால் லேசாக அசைத்துப் பாருங்கள். ரப்பர் என்பதால் கொஞ்சம் நெகிழும், அது சரி. 'டக்' என்று சத்தம் வந்தாலோ ஒரு பக்கம் மட்டும் கூடுதலாக ஆடினாலோ வட்டு போய்விட்டது. கைப்பிடி பக்கத்து வெளிப்புற வெனீரில் மயிரிழை விரிசலோ, வார்னிஷ் பளபளப்பு மாறிய திட்டோ தெரிகிறதா என்று டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். திருகை ஓட்டுக்குள் நேராக இறக்கி ஒட்டுப்போட்ட நாற்காலிகளும் சந்தையில் உண்டு. குஷனுக்குப் பின்னால் பார்க்காமல் அது தெரியாது. ஆனால் அதற்காகக் குஷனை வெடுக்கென்று பிடுங்க வேண்டாம், பழைய பிளாஸ்டிக் கிளிப் உடையும்.

தோல் தேய்ந்து சுருக்கம் விழுந்திருந்தால் பதறாதீர்கள். வாங்குபவர்கள் அசல் தோலைத்தான் விரும்புவார்கள். விற்பதற்கு முன் மரத்தை உரசி மெருகேற்றுவது, புதுத் தோல் தைப்பது இரண்டும் வீண்செலவு.

இதற்குப் பிறகு விலை தேடுங்கள். கடைத்தளங்களில் போட்டிருப்பது கேட்கும் விலை. வருடக்கணக்கில் அதே விலையில் தூங்கும் நாற்காலிகள் அங்கே ஏராளம். உங்களுக்கு வேண்டியது விற்ற விலை. சிகாகோவின் ரைட் போன்ற ஏல நிறுவனங்களின் பழைய முடிவுகளையும், ஈபேயில் "விற்றவை" என்ற வடிகட்டியையும் பாருங்கள். அதே காலம், அதே மரம், அதே நிலை, ஸ்டூலோடு என்று பொருந்தும் ஐந்தாறு விற்பனைகளை எடுங்கள். கடைசி இரண்டு வருடத்தைத் தாண்ட வேண்டாம். மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் ஒதுக்குங்கள்.

ஏல விலையில் ஒரு பொறி உண்டு. சுத்தியல் விலை, அதாவது ஏலம் முடிந்த விலை, 4000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் ஏல நிறுவனம் வாங்குபவரிடம் பிடிக்கும் கட்டணம் 26 சதவீதம் என்றால் அவர் கொடுப்பது 5040. விற்பவரிடம் 15 சதவீதம் பிடித்தால் உங்கள் கைக்கு 3400, அதிலும் வண்டிக்கூலி போகும். இந்தச் சதவீதங்கள் உதாரணத்துக்குத்தான். தளத்தில் தெரிவது 4000-ஆ 5040-ஆ என்று பார்க்காமல் கணக்குப் போட்டால் எல்லாம் தப்பும். காப்பீட்டுக்கு எழுதும் விலையோ இதே போன்ற ஒன்றைக் கடையில் வாங்க ஆகும் செலவு. அது இன்னும் மேலே நிற்கும். அதைக் காட்டி யாரிடமும் விற்க முடியாது.

மதிப்பிட்டுச் சொல்பவரே வாங்கவும் முன்வந்தால், அந்த மதிப்பைத் தூக்கிப் போடுங்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு எழுத்தில் தரும் மதிப்பீட்டாளரிடம் போங்கள். அமெரிக்காவில் அருங்காட்சியகத்துக்கோ அறக்கட்டளைக்கோ கொடுத்து 5000 டாலருக்குமேல் வரிக்கழிவு கேட்பதானால், தகுதியுள்ள மதிப்பீட்டாளரின் அறிக்கை கட்டாயம்.

வேறு நாட்டுக்கு அனுப்பி விற்பதாக இருந்தால் விலை பேசும் முன் இன்னொன்று. பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல் சைட்ஸ் ஒப்பந்தத்தின் (அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) முதல் பட்டியலில் இருக்கிறது. அந்தத் தேதிக்கு முற்பட்ட மரம் என்று காட்டி அனுமதிச் சான்று வாங்காமல் எல்லை தாண்டினால் சுங்கத்தில் பறிமுதலாகலாம். லேபிள் படம், பழைய ரசீது இரண்டையும் பத்திரப்படுத்தி வையுங்கள். அமெரிக்காவிலிருந்து சென்னைக்கு வீட்டுச் சாமானோடு கொண்டுவருபவர்களுக்கும் இதே விதிதான்.