இசைச் சமர்ப்பணங்களில் உள்ள பெயர்களைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கில இசையமைப்பாளர் எட்வர்ட் எல்கரின் 'எனிக்மா வேரியேஷன்ஸ்' என்ற இசைக்குழுப் படைப்பு 1899 ஜூன் 19 அன்று லண்டனில் நடத்துநர் ஹான்ஸ் ரிக்டரின் தலைமையில் அரங்கேறியது. ஒரு மெட்டையும் அதன் 14 மாறுவடிவங்களையும் கொண்ட அந்தப் படைப்பை, உள்ளே சித்திரிக்கப்பட்டுள்ள தம் நண்பர்களுக்கு என்று எல்கர் சமர்ப்பித்தார். ஆனால் தலைப்புகளில் முழுப் பெயர் எதையும் தராமல், பெரும்பாலும் முதலெழுத்துகளையோ செல்லப்பெயர்களையோ வைத்தார். பல ஆண்டுகளுக்குப் பிறகு, பியானோலா என்ற தானியங்கிப் பியானோவின் சுருள்களுக்காக எழுதிய குறிப்புகளில் ஒவ்வொரு பகுதியின் பின்னணியையும் அவரே விளக்கினார். இப்படி இசையமைப்பாளரே விளக்கம் தந்த இடத்தில்தான் நாம் அதிகம் தவறுகிறோம்.

பெயர் தெரிந்தவுடன் அந்த மனிதரின் முழு வாழ்க்கையையும் இசைக்குள் தேடுவது பரவலான தவறு. 11ஆவது மாறுவடிவத்தின் தலைப்பில் உள்ள 'ஜி.ஆர்.எஸ்.', ஹெர்ஃபர்ட் பேராலயத்தின் ஆர்கன் கலைஞர் ஜார்ஜ் சின்க்ளேரைக் குறிக்கிறது. ஆகவே அதில் ஆர்கனின் கம்பீரத்தையும் ஆலயத்தின் அமைதியையும் கேட்க முனைவோம். எல்கரோ, அவற்றுக்கும் இந்த இசைக்கும் தொடர்பே இல்லை என்கிறார். சின்க்ளேரின் புல்டாக் நாயான டான், செங்குத்தான கரையிலிருந்து வை ஆற்றில் விழுவது முதல் சுரக்கட்டத்தில் (இசையின் சிறு தாள அலகில்) வருகிறது. ஏறுவதற்கு இடம் தேடி அது எதிர்நீச்சல் போடுவது அடுத்த இரண்டில் வருகிறது. கரை சேர்ந்த மகிழ்ச்சியில் அது குரைப்பது ஐந்தாவதில் கேட்கிறது. தலைப்பில் நண்பர் இருக்கிறார், தொடக்க இசையில் அவருடைய நாய் இருக்கிறது.

பின்னாளில் ஓர் இசைக்குக் கிடைத்த பயன்பாட்டை அதன் பிறப்போடு குழப்பிக்கொள்ளவும் கூடாது. அதே படைப்பின் 9ஆவது மாறுவடிவமான 'நிம்ராட்' இன்று இரங்கல் நிகழ்ச்சிகளில் ஒலிப்பதால் அதை ஒப்பாரி என்றே பலர் நம்புகிறார்கள். அது குறிக்கும் ஆகஸ்ட் யேகர், இசைப் பதிப்பகமொன்றில் பணியாற்றி, எல்கர் சோர்ந்த நேரங்களில் அவரை ஊக்கப்படுத்திய நண்பர். அரங்கேற்றத்துக்குப் பின் சுமார் பத்தாண்டுகள் வாழ்ந்து 1909இல் மறைந்தவர். பேத்தோவனின் மெதுநடைப் பகுதிகளைப் பற்றி அவர் மனமுருகிப் பேசிய ஒரு கோடை மாலையின் பதிவு அது என்று எல்கர் எழுதியிருக்கிறார். அதை அறிந்து கேட்டால், துக்கத்தைவிட நட்பின் நன்றியே எனக்கு முன்னால் நிற்கிறது.

இசையமைப்பாளரின் வாக்குமூலம் என்பதற்காகத் தேதிகளைச் சரிபார்க்காமல் விடுவது இன்னொரு தவறு. 13ஆவது மாறுவடிவத்தின் தலைப்பில் மூன்று நட்சத்திரக் குறிகளே உள்ளன. இசையமைத்த காலத்தில் கடற்பயணத்தில் இருந்த ஒரு சீமாட்டியை அவை குறிப்பதாக எல்கர் சொன்னார். அவர் லேடி மேரி லைகன் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. ஆனால் படைப்பு 1899 பிப்ரவரியிலேயே முடிந்துவிட்டது. லேடி மேரியோ அதற்குப் பிறகுதான் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார். முன்பு எல்கருக்கு நிச்சயிக்கப்பட்டு, பின்னர் நியூசிலாந்துக்குச் சென்றுவிட்ட ஹெலன் வீவரைச் சில ஆய்வாளர்கள் முன்மொழிவதற்கு இந்த முரண்பாடும் இடம் தருகிறது. நினைவிலிருந்து எழுதுபவர் நேர்மையானவராகவே இருந்தாலும், கையெழுத்துப் பிரதியின் தேதியைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

சமர்ப்பணம் என்றாலே காதல் என்று முடிவுகட்டுவதையும் விட்டுவிட வேண்டும். பேத்தோவனின் 'மூன்லைட்' பியானோ சொனாட்டா 1802இல் ஜூலியெட்டா குயிச்சார்டியின் பெயரோடு வெளிவந்ததால் அதை ஒரு காதல் கடிதமாகவே படித்தவர்கள் ஏராளம். ஆனால், பேத்தோவன் தமக்கு முதலில் தந்தது ரோண்டோ என்ற வகைப் படைப்பு ஒன்றை என்றும், வேறொரு பிரபுகுலப் பெண்ணுக்குத் தேவைப்பட்டதால் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு, ஈடாகவே இந்த சொனாட்டாவைச் சமர்ப்பித்தார் என்றும் ஜூலியெட்டாவே முதுமையில் கூறினார்.

மறைந்திருந்த பெயர் வெளிப்பட்டதும் அச்சில் உள்ள பெயரைப் பொய் என்று தள்ளிவிடுவதும் அவசர முடிவுதான். ஆஸ்திரிய இசையமைப்பாளர் அல்பன் பெர்க்கின் 'லிரிக் சூட்', சக இசையமைப்பாளர் அலெக்சாண்டர் ஜெம்லின்ஸ்கிக்குச் சமர்ப்பிக்கப்பட்டது. பெர்க் தம் கையால் குறிப்புகள் எழுதி ஹன்னா ஃபுக்ஸ் என்ற பெண்ணுக்குக் கொடுத்திருந்த பிரதியை இசை ஆய்வாளர் ஜார்ஜ் பெர்ல் 1977இல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தபோது, மணமான ஹன்னாமீது பெர்க் கொண்டிருந்த காதலே படைப்பின் உள்பொருள் என்பது தெரிந்தது. இருவரின் முதலெழுத்துகளான ஏ, பி, எச், எஃப் ஆகியவை ஜெர்மானிய வழக்கில் சுரங்களின் பெயர்களும் ஆதலால், அந்த நான்கு சுரங்களையே பெர்க் படைப்பெங்கும் இழைத்திருக்கிறார். ஆயினும் நான்காம் பகுதியில் ஜெம்லின்ஸ்கியின் 'லிரிக் சிம்ஃபொனி'யிலிருந்து ஒரு வரி அப்படியே எடுத்தாளப்பட்டிருக்கிறது. இரு பெயர்களுக்கும் இசைக்குள்ளேயே சான்று உண்டு.