ஸ்காட்லாந்து மலைகளில் பழைய மேய்ச்சல் குடில்களைக் கண்டறியும் முறை

ஸ்காட்லாந்தின் மேட்டுநிலங்களில் கோடை மேய்ச்சலுக்காக எழுப்பப்பட்ட ‘ஷீலிங்’ குடில்களின் எச்சங்களைத் தேடுபவர், முதலில் வரைபடத்தில் ஸ்காட்லாந்தின் பழைய மொழிகளுள் ஒன்றான கேலிக்கில் (Gaelic) ஷீலிங்கைக் குறிக்கும் ‘ஆரி’ என்னும் சொல் கலந்த இடப்பெயர்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு ஓடைக்கரையை ஒட்டி நடந்து, பழுப்புப் புதர்களுக்கு நடுவே திட்டாகத் தெரியும் பசும்புல்லைத் தேட வேண்டும். தலைமுறைகளாக மாடுகள் இட்ட சாணமே அப்பசுமைக்குக் காரணம். சாய்வெயில் நேரமே இதற்கு உகந்தது. உச்சிவெயிலில் மேடுபள்ளம் கண்ணுக்குப் பிடிபடாது. குனிந்து பார்த்தால், புல் மூடிய கல்வரிசை நீள்வட்டமாகவோ செவ்வகமாகவோ புலப்படும். ஸ்காட்லாந்தின் வடமேற்கே உள்ள லூயிஸ் தீவுக் குடில்களில் பால் பாத்திரம் வைக்கும் சுவர்மாடத்தையும் காணலாம். கோடைத் தொடக்கத்தில் மாடுகளுடன் ஏறிவந்த பெண்களும் சிறுவர்களும் இங்கே தங்கி, வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் செய்தார்கள். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஆட்டுப்பண்ணைகள் பரவியதால் இவ்வழக்கம் தேய்ந்தது. லூயிஸில் 20ஆம் நூற்றாண்டிலும் நீடித்தது. கற்களை மட்டும் பெயர்த்துவிடக் கூடாது.