ஹௌ சியாவ் சியன் படங்களை எங்கிருந்து தொடங்கக் கூடாது

தைவான் சினிமாவுக்குப் புதிதாக வருகிறவர்கள் ஹௌ சியாவ் சியனின் 'எ சிட்டி ஆஃப் சாட்னஸ்' படத்தைத்தான் பெரும்பாலும் முதலில் எடுப்பார்கள். 1989இல் வெனிஸ் திரைப்பட விழாவின் உயரிய விருதான தங்கச் சிங்கம் வென்ற படம். நானும் அதில்தான் தொடங்கினேன். நான்கு சகோதரர்களில் யார் மூத்தவர், யார் இளையவர் என்றே பிடிபடாமல் அரை மணி நேரத்தில் நிறுத்திவிட்டேன். 'நீளமான ஷாட், மெதுவான படம், நமக்கு ஒத்துவராது' என்று அவர்மேல் ஒரு முத்திரையும் குத்தியாயிற்று. இரண்டுமே தவறு.

அவர் தொடங்கியதே பாட்டுப் படங்களில். 1980இல் வந்த முதல் படம் 'க்யூட் கேர்ள்', ஹாங்காங் பாடகர் கென்னி பீயும் தைவான் பாடகி ஃபெங் ஃபெய் ஃபெய்யும் நடித்த காதல் நகைச்சுவை. அதே மாதிரி இன்னும் இரண்டு படங்கள் செய்தார். திரைப்பட விழாப் பிரியர்கள் இந்த மூன்றையும் கண்டுகொள்வதில்லை. ஆனால் கேமராவைத் தூரத்தில் வைத்துத் தெருவை அதன் போக்கில் விட்டுப் பிடிக்கிற பழக்கம் அங்கேயே தெரிகிறது. 1983இல் 'தி பாய்ஸ் ஃப்ரம் ஃபெங்குவே' வந்தபோது அவர் திடீரென்று வேறு ஆளாகிவிடவில்லை. அந்தக் காலகட்டத்தில் எழுத்தாளர் சூ தியென் வென் கூட்டு சேர்ந்தார், அவ்வளவுதான். சரி, அது சின்ன விஷயமும் இல்லை.

இயக்குநர் என்று மட்டும் பார்ப்பதும் பாதிப் பார்வை. பிறருக்குத் திரைக்கதை எழுதியிருக்கிறார், தயாரித்திருக்கிறார், நடித்தும் இருக்கிறார். இன்னொரு தைவான் இயக்குநரான எட்வர்ட் யாங்கின் 'தைபே ஸ்டோரி'யில் (1985) கதாநாயகனே அவர்தான். பழைய பேஸ்பால் நினைப்பிலேயே உழலும் அந்த மனிதனை அலட்டிக்கொள்ளாமல் செய்திருப்பார். அந்தப் படத்துக்காகத் தன் வீட்டையே அடமானம் வைத்தார். படம் சில நாள்களிலேயே தியேட்டரைவிட்டுப் போனது.

அப்புறம், சப்டைட்டிலை மட்டும் நம்புவது. என் கணக்கில் இதுதான் பெரிய தவறு. 'எ சிட்டி ஆஃப் சாட்னஸ்' நடக்கும் காலத்தில் ஒரே ஊரில் உள்ளூர் மொழியான தைவானிய ஹொக்கியன், ஜப்பானியம், மாண்டரின் எல்லாம் புழங்கின. சீனப் பெருநிலத்திலிருந்து வந்த அரசுக்கு எதிராகத் தைவான்காரர்கள் கிளர்ந்த 1947 பிப்ரவரி 28 கலவரத்தை ஒட்டி ஒரு ரயில் காட்சி வரும். சீனப் பெருநிலத்திலிருந்து வந்தவர்களைத் தேடி அலையும் ஆட்கள், கடைசித் தம்பியாக நடிக்கும் டோனி லியுங்கிடம் எந்த ஊர் என்று கேட்பார்கள். காது கேளாத, பேச வராத அந்தப் புகைப்படக்காரர் தட்டுத் தடுமாறி 'நான் தைவான்காரன்' என்று சொல்லிவிடுவார். உடனே ஜப்பானிய மொழியில் இன்னொரு கேள்வி விழும். ஜப்பான் ஐம்பது ஆண்டு ஆண்ட தீவு அது, உள்ளூர்க்காரனுக்கு அந்த மொழி தெரிந்திருக்கும் என்பது கணக்கு. மொழி மாறியதைக் கவனிக்காவிட்டால் உயிர் போகிற அந்தச் சோதனையே நமக்குத் தெரியாமல் போய்விடும். ஹாங்காங்காரரான லியுங்குக்கு உள்ளூர் மொழி வராது என்பதால்தான் பாத்திரத்தையே அப்படி மாற்றினார்கள் என்பது தனிக் கதை.

'தி அசாசின்' (2015) கான்ஸ் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநர் விருது வாங்கித் தந்தது. வாள்சண்டைப் படம் என்று நம்பி நண்பர்களைக் கூட்டி வைத்துப் போட்டுவிடாதீர்கள். சண்டை மூச்சுவிடும் நேரத்தில் முடிந்துவிடும், திரைச்சீலை ஆடுவதுதான் அதிக நேரம். நான் போட்டுக்காட்டித் திட்டு வாங்கியவன்.

தொடங்க நல்ல இடம் 'டஸ்ட் இன் த விண்ட்' (1986). சுரங்க ஊரிலிருந்து தைபேக்கு வேலைக்குப் போகும் பையனும் பெண்ணும், குகைக்குள் புகுந்து வெளியே வரும் ரயில். கதை சுலபமாகப் பிடிபடும். அது பிடித்திருந்தால் 'எ சிட்டி ஆஃப் சாட்னஸ்' பக்கம் திரும்பலாம், குடும்ப உறவுகளை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டு.