ஆஸ்பத்திரி நைட் டியூட்டிக்குப் பிறகு பத்து நிமிடம் தியானம்

படுத்துக்கொண்டு தியானம் செய்தால் தூங்கிவிடுவோம். எனக்கு முதலில் சரிவராததற்கு அதுதான் காரணம். நாற்காலியில் முதுகைச் சாய்க்காமல், பாதம் தரையில் பதிய உட்காருங்கள். மூக்கு நுனியில் காற்று உரசுவதைக் கவனித்து, வெளிமூச்சை மட்டும் 1 முதல் 10 வரை எண்ணுங்கள். எண்ணிக்கை 14, 15 என்று ஓடினால் மனசு வார்டுக்குப் போய்விட்டது, மறுபடி 1. அப்படித் திரும்பி வருவதுதான் பயிற்சியே. வலிந்து வேகமாக ஆழமூச்சு இழுத்தால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து தலை சுற்றும், விரல் நுனி மரத்துப்போகும். மூச்சை அதன் போக்கில் விடுங்கள்.

முதல் வாரம் 5 நிமிடம், பிறகு 10. அமெரிக்கப் பேராசிரியர் ஜான் கபாட்-ஜின் 1979-இல் மாசசூசெட்ஸில் தொடங்கிய தியானப் பயிற்சியும் 8 வார அளவுதான். மூன்றே நாளில் பலன் தேடாதீர்கள். விட்டுப்போன தூக்கத்தை இது ஈடுகட்டாது. நோயாளி மனிதராகத் தெரியாமல் வெறும் 'பெட் 12' ஆகத் தெரிவது நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். சாகத் தோன்றினால் அன்றே.